கூரை ஒழுகினால் கோயிலை இடிக்கணுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். பெரியப்பா மகன், சேகர கமிட்டியில் இருக்கிறார். நலம் விசாரிப்பெல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "தம்பி, கோயில எடுத்துக் கட்டப் போறோம். ஒன் பேர்ல எவ்வளவு எழுதட்டும்?" என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சர்ச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கோயில்தான். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆன கட்டடம். கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம், பனங்கை, மேலே ஓடு. சுவர் இரண்டு முழம் கனம். மே மாதத்திலும் உள்ளே போனால் மண்பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். அதை இடித்துவிட்டு இரண்டு மாடியில் கான்கிரீட்டில் கட்டப் போகிறார்களாம். வரைபடத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். முன்பக்கம் கண்ணாடி, இரண்டு பக்கமும் ராக்கெட் மாதிரி கோபுரம்.

"ஏன் அண்ணே, அந்தக் கட்டடத்துக்கு என்ன?" என்றேன்.

"கூரை ஒழுகுதுல்லா."

அதற்கு மேல் என்னால் அன்றைக்கு எதுவும் பேச முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்து. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் என்று ஏற்பட்டதே எங்கள் ஊரிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, இன்னொரு கிராமத்துக் கோயிலைப் பார்த்த பிறகுதான்.

2014-ல் ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் பர்மிங்காமில் இருந்தேன். சனி ஞாயிறு அறையில் தனியாகக் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும். ரயிலில் ஏறி எங்கேயாவது போவேன். அப்படி ஒரு சனிக்கிழமை ஹெரிஃபோர்ட் போய், அங்கிருந்து ஒன்பது மைல் தென்மேற்கே கில்பெக் என்ற ஊருக்கு டாக்ஸி பிடித்தேன். வேல்ஸ் எல்லைக்குப் பக்கம். ஊர் என்று சொல்லக்கூட யோசிக்க வேண்டும். கொஞ்சம் வீடுகள், ஒரு மதுக்கடை, வயல், ஆடுகள். பழைய ஊர் இருந்த இடம் இப்போது வெறும் மேடும் பள்ளமுமாகப் புல் மண்டிக் கிடக்கிறது. கோட்டை இருந்த மண்மேடு கோயிலுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது, அதன்மேல் குட்டிச்சுவர் கொஞ்சம்.

கோயில் மட்டும் முழுசாக நிற்கிறது. கி.பி. 1140 வாக்கில் அந்த ஊர்ப் பிரபு ஹ்யூ என்பவர் கட்டியது. தஞ்சாவூர்ப் பக்கம் ராஜராஜன் காலம் முடிந்து ஒரு நூற்றாண்டு கழித்து, தாராசுரம் கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கட்டடம். நம்மூர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலுக்குள் தூக்கி வைத்துவிடலாம். ஜனங்கள் உட்கார ஒரு கூடம், அதற்கப்புறம் குருமார் நிற்க ஒரு சிறிய அறை, கடைசியில் அரை வட்டமாக முடியும் ஆல்ட்டர். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, போகப்போகச் சிறிதாகிக்கொண்டே போகும். கர்ப்பக்கிரகம், அர்த்த மண்டபம், மகா மண்டபம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வரிசை ஒன்றும் புதிதாகத் தெரியாது.

ஆனால் நான் மலைத்து நின்றது தெற்கு வாசலில். செம்மண் நிறக் கல். நிலைக்கு மேலே அரைவட்டத்தில் ஒரு கொடி, திராட்சைக் கொடியா வாழ்வின் மரமா என்று அறிஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒரு பக்கத் தூணில் கொடிகளுக்குள் சிக்கிய இரண்டு போர்வீரர்கள், தொளதொள கால்சட்டையோடு. இன்னொரு பக்கத் தூண் தலையில் வாயிலிருந்து இலை தழைக்கும் ஒரு முகம். வளைவு முழுக்கப் பறவைகள், பூதங்கள், தன் வாலைத் தானே கடிக்கும் பாம்புகள். எல்லாம் கூர்மையாக இருக்கிறது. போர்வீரன் கால்சட்டையின் மடிப்பு தெரிகிறது. கிட்டத்தட்ட 900 வருஷ மழையைப் பார்த்த கல் என்று சொன்னால் நம்ப முடியாது. அதுவும் அந்த ஊர் மழை... நம் மழை மாதிரி வந்தோமா கொட்டினோமா போனோமா என்று இருக்காது, நாள் முழுக்க நசநசவென்று.

கூரை விளிம்புக்குக் கீழே சுற்றிலும் தாங்குகற்கள். 85 மிச்சமிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு உருவம். நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு கல் இருக்கிறது, இன்றைய கார்ட்டூன்காரர் வரைந்தது போல. பன்றி, ஆடு, யாழ் மாதிரி ஏதோ வாசிக்கும் ஒருவன், கட்டிப்பிடித்து நிற்கும் இருவர். நடுவில் ஒருத்தி, தன் பிறப்புறுப்பை இரண்டு கையாலும் விரித்துக் காட்டிக்கொண்டு! ஷீலா நா கிக் என்று பெயர். கோயில் சுவரில் இதுவா என்று திகைத்த ஆங்கிலேயர்கள் நிறையப் பேர். பாதாமி மியூசியத்தில் லஜ்ஜா கௌரியைப் பார்த்தவர்கள் அவ்வளவு திகைக்க மாட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்லவில்லை. கிராமத்துச் சிற்பி எங்கேயும் கிராமத்துச் சிற்பிதான் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இந்த மாதிரிச் செதுக்கல் அந்த வட்டாரத்தில் இன்னும் சில கோயில்களில் இருக்கிறது. ஹெரிஃபோர்ட்ஷயர் பள்ளி என்று கலை வரலாற்றுக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து எர்டிஸ்லி என்ற ஊர்க் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி இரண்டு வீரர்கள் சண்டை போடுவது அதே கை. இந்தச் சிற்பிகள் யார் பெயரும் நமக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதே பள்ளியைச் சேர்ந்த இன்னொரு கோயில் ஷாப்டன் என்ற ஊரில் இருந்தது. கில்பெக்குக்கும் முந்தையது. மார்டிமர் பிரபுவின் காரியஸ்தர் ஆலிவர் டி மெர்லிமண்ட் என்பவர் கட்டியது. அவர் ஸ்பெயினில் சாந்தியாகோவுக்கு யாத்திரை போய் வந்தவர். கில்பெக்கில் ஆல்ட்டருக்கு முன்னால் உள்ள வளைவின் இரு பக்கமும் ஒருவர் தலைமேல் ஒருவராக அப்போஸ்தலர்கள் நிற்பதைப் பார்த்து, சாந்தியாகோ வாசலின் சாயல் இது என்று சொல்வார்கள். வழி இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

1750-களில் ஷாப்டன் பண்ணையின் பிரபு குடும்பத்துக்கு அந்தப் பழைய கோயில் பிடிக்கவில்லை. இடித்துவிட்டு, கேக் மாதிரி வெள்ளையும் வெளிர்நீலமுமாக ஒரு புதுக் கோயில் கட்டினார்கள். (அது அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது.) பழையதை முழுக்கத் தூக்கிப் போட மனசு வரவில்லை. நல்ல ரசனை உள்ளவர்கள்தான். செதுக்கிய வளைவுகளையும் வாசல்களையும் மட்டும் பிரித்தெடுத்துப் பக்கத்து மேட்டில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, அலங்காரமாக நிறுத்தி வைத்தார்கள். கூரை இல்லாமல்.

நான் இன்னொரு வாரம் அதையும் போய்ப் பார்த்தேன். வளைவுகள் நிற்கின்றன. ஆனால் சிற்பம் இல்லை. இருந்த இடம் தெரிகிறது. பக்கத்தில் போய் விரலால் தடவினால் இது கழுத்தாக இருக்கலாம், இது இறக்கையாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊறவைத்த சோப்பு மாதிரி வழிந்துபோயிருக்கிறது. அறுநூறு வருஷம் கட்டடத்தோடு இருந்தபோது தாங்கியது, வெட்டவெளிக்கு வந்து இருநூற்றைம்பது வருஷத்தில் கரைந்துவிட்டது. 1852-ல் ஜி. ஆர். லூயிஸ் என்ற ஓவியர் வரைந்து வெளியிட்ட படங்கள் இருப்பதால்தான் அங்கே என்ன இருந்தது என்றே தெரிகிறது. பிளாஸ்டர் அச்சும் எடுத்து லண்டன் கிரிஸ்டல் பேலஸில் வைத்தார்கள். 1936-ல் அந்தக் கட்டடமே எரிந்துபோனது.

கல்லின் தரமும் ஒரு காரணம்தான், கில்பெக் கல் கொஞ்சம் கெட்டி. இருந்தாலும் ஷாப்டன் மேட்டில் நின்றபோது எனக்கு விளங்கியது ஒன்று. பழைய கட்டடத்தைக் கொல்வது வயசு இல்லை, தண்ணீர். தண்ணீரைத் தள்ளிவிட ஒரு கூரை, ஒரு வாரி, வாரியில் இலை அடைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இந்த மூன்றும் இருந்தால் கல் நிற்கும். அதனால்தான் "கூரை ஒழுகுதுல்லா" என்று அண்ணன் சொன்னபோது எனக்கு அப்படி ஆகிவிட்டது. கூரை ஒழுகினால் கூரையை அல்லவா மாற்ற வேண்டும்?

இங்கிலாந்துக்காரன் ரொம்ப ஒழுங்கு, நாம்தான் மோசம் என்று எழுதப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர்களும் நாசம் பண்ணியவர்கள்தான். ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1547-க்குப் பிறகு, நாடு முழுக்கக் கோயில் சுவர் ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'திருப்பணி' என்ற பெயரில் பழைய சுவரைச் சுரண்டி, "அசல் காலத்து" ஜன்னல் என்று புது ஜன்னல் வைத்து, ஆயிரக்கணக்கான கோயில்களை மாற்றிவிட்டார்கள். இதைப் பார்த்துத் தாங்காமல்தான் வில்லியம் மாரிஸ் 1877-ல் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்தார். சுரண்டாதே சங்கம் என்று அதற்குப் பட்டப்பெயர். புதுப்பிக்காதே, பராமரி என்பது அவர்கள் கட்சி. நம்மூரில் கோயில் கல்லில் மணலைப் பீய்ச்சி அடித்துப் 'பளிச்' ஆக்கியதைப் பார்த்தவர்களுக்கு மாரிஸின் கோபம் புரியும்.

அந்தச் சங்கத்துக்காரர்கள் விடாமல் சொல்லும் இன்னொன்று சிமெண்ட் பற்றி. சுண்ணாம்புக் காரை மூச்சுவிடும். சுவருக்குள் போன ஈரம் காரை வழியாக வெளியேறிவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழியில்லை, உள்ளேயே நின்று உப்பை இழுத்துக்கொண்டு கல்லையும் செங்கல்லையும் பொரிய வைக்கும். எங்கள் கோயிலில் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு புண்ணியவான் தன் செலவில் உள்சுவர் முழுக்க இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசி எனாமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் சுவர் உதிர ஆரம்பித்தது. "கட்டடம் பழசாகிப் போச்சு" என்பதற்கு இப்போது அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அக்கறையோடு செய்கிற கெடுதலுக்கு அங்கேயும் உதாரணம் உண்டு. க்ளாஸ்டர்ஷயரில் கெம்ப்லி என்ற ஊர்ப் பழைய கோயில். ஆல்ட்டர் பக்கத்து மேற்கூரை வளைவில் வானவில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்து, சுவர் இரண்டிலும் அண்ணாந்து பார்க்கும் அப்போஸ்தலர்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியம். சுண்ணாம்புக்கு அடியில் பத்திரமாக இருந்ததை 1872-ல் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில், பாதுகாக்கிறோம் என்று அதன்மேல் அரக்கு வார்னிஷ் அடித்துவிட்டார்கள். அதை ஜாக்கிரதையாக நீக்க இருபதாம் நூற்றாண்டில் ஒரு தனி வேலை நடந்தது.

கெம்ப்லியை நான் வேறு காரணத்துக்காகத்தான் சொல்ல வந்தேன். பழைய கோயிலைச் சுற்றி ஈர நிலம். ஜனங்கள் மெதுவாக வேறு பக்கம் குடிபோய்விட்டார்கள். கோயில் தூரமாகிவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? 1903-ல் குடியிருப்புப் பக்கமாகப் புதிதாக ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். உள்ளூர்க் கல், உள்ளூர் மரம், உள்ளூர் ஆட்கள் வேலை. அதுவும் இன்றைக்குப் பார்க்கத் தகுந்த கட்டடம்தான். பழையதை இடிக்கவில்லை. இரண்டும் நிற்கின்றன. இத்தனைக்கும் அது சின்ன ஊர்.

அண்ணனுக்கு இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "அவன் நாட்டுல கவர்மெண்டு பணம் குடுக்கும்டே." அதுதான் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 கோயில்கள். அதில் 12,000-க்கும் மேல் சட்டப்படி பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடங்கள். அதைப் பராமரிக்க வேண்டியது அந்தந்த ஊர்ச் சபை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற பத்துப் பேர், கேக் விற்றும் உண்டியல் வைத்தும் கூரைக்குக் காசு சேர்ப்பார்கள். பழுது வேலைக்குக் கட்டிய வாட் வரியைத் திருப்பித் தர 2001-ல் அரசு ஒரு திட்டம் போட்டது. அதற்கும் 2025-ல் ஒரு கோயிலுக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். காசு கொட்டவில்லை. இருப்பது ஒரு ஒழுங்கு. 1955-ல் வந்த விதிப்படி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, தெரிந்த ஆர்க்கிடெக்ட் ஒருவர் ஏறிப் பார்த்து, எது அவசரம் எது அப்புறம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டடத்தில் கை வைக்க டயோசிஸ் அனுமதி வேண்டும். சேர்மன் நினைத்தார், தீர்மானம் போட்டார், ஜேசிபி வந்தது என்று அங்கே முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வாதத்தில் இருக்கும் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். கில்பெக்கில் நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே வந்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் கேமராவோடு வந்தவர்கள். ஒரே பாதிரியார் ஐந்தாறு ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்வது அந்தக் கிராமங்களில் சாதாரணம். வழிபாடு நின்றுபோன கோயில்களைக் காப்பாற்ற 1957-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள், பெயரே 'நண்பரில்லாக் கோயில்களின் நண்பர்கள்'. 1969-ல் அதற்கென்றே ஒரு நிதியம் வந்து, இன்றைக்கு அதன் கையில் 340-க்கும் மேல் கோயில்கள். கில்பெக் அப்படியே நிற்பதற்கு ஒரு காரணம் அந்த ஊர் வளராமல் போனது என்றுதான் நான் நினைக்கிறேன். ஊர் பெருத்திருந்தால் பக்கச் சுவரை இடித்து நீட்டியிருப்பார்கள். அந்த நாயும் முயலும் போயிருக்கும்.

எங்கள் ஊரில் கதை நேர்மாறு. அசனப் பண்டிகைக்கு வந்து பாருங்கள், கோயிலுக்குள் நிற்க இடமில்லாமல் பந்தலில் பாதி ஜனம். வயசான அம்மாமார் வெயிலில் உட்கார்ந்து ஆராதனை பார்க்கிறார்கள். உபதேசியார் பேசுவது வெளியே கேட்காது. அவர்கள் பெரிய கோயில் கேட்பதில் என்ன தப்பு? நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் ஒரு பழைய பங்களாவை இடித்துக் கட்டிய அபார்ட்மெண்டில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா உட்கார்ந்த பெஞ்சு, அம்மாவின் கல்யாணம் நடந்த இடம், கை வைக்காதே" என்று சொல்வது யாருக்கு எரிச்சல் வராது? இரண்டாவது தடவை பேசியபோது அண்ணன் சொல்லியே விட்டார். "ஏல, நீ வருசத்துக்கு ஒருமட்டம் வாரவன். மழ பெஞ்சா பக்கெட்ட வச்சிக்கிட்டு நிக்கது நாங்கதான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பக்கெட்டுக்குப் பதில் இருக்கிறது. ஓடு மாற்ற வேண்டும், உளுத்த பனங்கையை மாற்ற வேண்டும், சுவரில் இடுப்பளவு சிமெண்டை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். இடமில்லாததற்கும் கெம்ப்லிக்காரர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கோயிலுக்கு வடக்கே பள்ளிக்கூடத்து மைதானம் பக்கம் சபைக்குச் சொந்தமான காலி இடம் கிடக்கிறது. புதியதை அங்கே கட்டட்டும், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும். ராக்கெட் கோபுரம் வேண்டுமென்றால் அதையும் வைத்துக்கொள்ளட்டும். பழையதில் வார நாள் ஜெபம், ஞாயிறு பள்ளி, பாடகர் பயிற்சி நடக்கலாம்.

மெஞ்ஞானபுரம் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்தக் கோபுரம் தூரத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போகாத திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பிள்ளை உண்டா? வேல்ஸிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் தேரிக்காட்டு மணலில் எழுப்பியது. 190 அடிக்கும் மேல். இங்கிலாந்துக் கிராமத்துக் கோயிலின் ஜாடை அதில் அப்படியே இருக்கிறது. அதை இடிப்போம் என்று இன்றைக்கு யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் பெரிசு. எங்கள் ஊரில் உள்ளது சின்னது, பெயரில்லாதது, கட்டிய கொத்தனார் யாரென்று தெரியாதது. கில்பெக்கும் சின்னதுதான், அதன் சிற்பி பெயரும் யாருக்கும் தெரியாது.

முந்தாநாள் அண்ணனுக்கு வாட்ஸப்பில் நீளமாக எழுதினேன். இடிக்கிற கணக்கில் என் பேரை எழுத வேண்டாம். ஓடு, பனங்கை, சுண்ணாம்பு வேலைக்கு என் பங்காக இரண்டு லட்சம் தருகிறேன். வடக்குப் பக்கம் புதுக் கட்டடம் என்றால் அதற்கு அதே அளவு இன்னொரு பங்கு. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் யாரையாவது விசாரித்து நானே கூட்டி வருகிறேன், கமிட்டி ஒரு நாள் அவர் பேச்சைக் கேட்டால் போதும். கூடவே ஷாப்டனில் எடுத்த இரண்டு போட்டோக்களையும் அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடுகிறதாம். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.